பேப்பர் தட்டு எங்கள் வீட்டுப் பொறுப்பு

நம் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஷீட் வந்தது. ஜூலையில் டெக்சஸ் ரிச்சர்ட்சனில், சின்ன வயதில் ஒன்றாக வளர்ந்த நாம் எல்லோரும் கூடப் போகிறோமே, அதற்கான பாட்லக் ஷீட், வீட்டுக்கு ஒரு பண்டம் என்று. யார் புளியோதரை, யார் தயிர்சாதம், யார் கேசரி என்று வரிசையாகப் போட்டிருந்தது. கடைசி வரியில் என் பெயர். அதற்கு எதிரே, பேப்பர் தட்டு. பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் மூன்று. ‘பழைய ஞாபகத்துக்காக’ என்று ஷீட் போட்டவள் கீழே எழுதியிருந்தாள். அதற்கு ஒருவர், ‘களை மட்டும் வேண்டாம் ப்ளீஸ்’ என்று பதில் போட்டிருந்தார். பதினேழு பேர் சிரித்திருந்தீர்கள். எண்ணிப் பார்த்தேன்.

சரி, தட்டு நானே கொண்டு வருகிறேன். பெயரை மாற்ற வேண்டாம். ஆனால் நமக்கெல்லாம் தலை நரைத்துவிட்டது, பாதிப் பேர் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் மாத்திரை போடுகிறோம், இன்னும் அந்தக் கதையை ஒரு பக்கத்திலிருந்தே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தால் எப்படி? அந்தக் கோடை முழுக்க நீங்கள் புல்தரையில் சுழலும் ஸ்பிரிங்க்ளர் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தீர்கள். நான் கீரைச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆகவே இதைச் சொல்ல எனக்குத்தான் தகுதி.

எனக்கு அப்போது பதினோரு வயது. தாராபுரத்துப் பக்கமிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு டெலிபோன் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. அம்மாவுக்கு இங்கிலீஷும் வராது, காரும் ஓட்டத் தெரியாது. ஊரிலிருந்து கிளம்பும்போது உறவுக்காரர்கள் எல்லாம் என்னென்னவோ பெட்டியில் அடைத்துக் கொடுத்தார்கள். அம்மா மட்டும் ஒரு மண்சட்டியைப் பழைய சேலையில் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். சட்டிக்குள் ஒரு மத்து. விமானத்தில் அதை மேலே வைக்கச் சொன்ன பெண்ணிடம் தலையை ஆட்டி மறுத்ததுதான், எனக்குத் தெரிந்து, அமெரிக்காவுக்கு அம்மா சொன்ன முதல் ‘மாட்டேன்’.

கோடை என்றால் டெக்சஸ் கோடை. காலை பத்து மணிக்கே காரின் கதவைத் தொட முடியாது. அப்போது வெண்டைக்காய் மட்டும் இங்கேயும் நன்றாகக் கிடைத்தது. கத்தரிக்காய் தலையணை அளவில் கிடைத்தது. அதை அம்மா காய் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. கறிவேப்பிலை, ஊரிலிருந்து வரும் நீலக் கடிதங்களுக்குள் காய்ந்து வரும். கடிதத்தைப் படிக்கும் முன் அம்மா அதை மோந்து பார்ப்பாள். கடையில் வாங்குவதை வைத்துச் சமைப்பதற்கு அவள் சீக்கிரமே பழகிக்கொண்டாள். ஆனால் அந்தந்தப் பருவத்துக்கு அந்தந்தச் சாப்பாடு என்று வளர்ந்தவளுக்கு, எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி அடுக்கி வைத்திருந்த அந்தக் கடை பிடிக்கவே இல்லை. ‘இந்தக் கடையில எப்பப் பாரு ஒரே மாசந்தான்’ என்பாள்.

அதனால் தன் பருவங்களைத் தானே தேடிக்கொண்டாள். ஜூலை நான்காம் தேதி, இந்த ஊர்ச் சுதந்திர தின விருந்தில் எல்லோரும் தர்பூசணி தின்றுவிட்டுத் தோலைக் குப்பையில் போட, அவள் போய், ‘அதைய எனக்குக் குடுங்கக்கா’ என்று கேட்டு வாங்கி வந்தாள். பச்சைத் தோலைச் சீவிவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியைப் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டாக்கினாள். பூசணிக்காய்க்கும் சுரைக்காய்க்கும் நடுவில் ஒரு ருசி. நான் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டேன். ஆனால் விருந்தில் அவள் குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் கையேந்தி நின்றபோது அந்தப் பக்கமே திரும்பாமல் ஊஞ்சலில் ஆடினேன். இதையும் சொல்லியாக வேண்டும். அம்மாவைப் பார்த்து வெட்கப்பட்டவர்களில் முதல் ஆள் நான்தான்.

கீரை அந்த ஜூன் மாதம்தான் கண்ணில் பட்டது. எங்கள் வாடகை வீட்டுக் கொல்லையில் சிமெண்டுப் பாதைக்கும் புல்லுக்கும் நடுவே இருந்த பிளவில், தரையோடு தரையாகப் படர்ந்திருந்தது. சிவந்த தண்டு, தடித்த சின்ன இலை. அம்மா துணி காயப்போடப் போனவள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள். என்னைக் கூப்பிட்ட குரல் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

“அம்மிணி, இங்க வா. பருப்புக்கீரை பாரு. நம்மளத் தேடிட்டு வந்திருக்குது.”

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை வந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த பள்ளிக்கூடத்தின் பின்பக்க வேலியோரம் அந்தக் கீரை பாய் விரித்த மாதிரி கிடந்தது. காலையில் வெயில் ஏறும் முன் அம்மாவும் நானும் போவோம். பார்த்ததும் பறிக்க மாட்டாள். ஓர் இடத்தைக் கண்டால் ஒரு வாரம் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவாள். இலையில் பூச்சி கடித்த ஓட்டை இருக்கிறதா, எறும்பு ஊர்கிறதா, நத்தை ஒட்டியிருக்கிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள். பூச்சி தின்னாத கீரையை மனுஷன் தின்னக் கூடாது என்பது அவள் கணக்கு. அதோடு, அதே இடத்தில் அதே மாதிரி தரையோடு படரும் இன்னொரு செடி உண்டு. இலை மெல்லிசாக இருக்கும். ஒடித்தால் பால் வரும். அது ஆகாது. ஒவ்வொரு தண்டையும் ஒடித்துப் பார்த்துத்தான் பையில் போட வேண்டும். பால் வந்தால் வீசிவிட வேண்டும். இது ஒன்றும் ரகசியம் இல்லை. ஆனால் யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஏழு தண்ணீரில் அலசுவாள். சட்டியில் பாசிப்பருப்பு, நாலு பல் பூண்டு, பச்சைமிளகாய், சீரகம், ஊரில் போடும் சின்ன வெங்காயத்துக்குப் பதில் இங்கத்துப் பெரிய வெங்காயம். பருப்பு முக்கால் பதம் வெந்ததும் கீரை. அந்தக் கீரைக்கே ஒரு புளிப்பு உண்டு, ஆகவே புளி ஒரு கொட்டைப்பாக்கு அளவுதான். வெந்ததும் சட்டியைக் கீழே இறக்கி, இரண்டு பாதத்துக்கும் நடுவில் அணைத்து வைத்துக்கொண்டு, மத்தால் கடைவாள். எண்ணெயில் கடுகும் வரமிளகாயும் வெடித்து மேலே விழும்போது வீடு முழுக்க மணக்கும். நம் எல்லோர் வீட்டிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு வாசனையை வெளியே விரட்டிக்கொண்டிருந்த காலம் அது. அம்மா ஜன்னலைத் திறந்து வைத்துத் தாளிப்பாள்.

அப்போது ரிச்சர்ட்சனிலும் சுற்றுவட்டாரத்திலும் நாம் மொத்தம் ஏழு குடும்பங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை ஒருவர் வீட்டில் பாட்லக். யார் என்ன கொண்டு வர வேண்டும் என்று முடிவு செய்தது நம் எல்லோருக்கும் தெரிந்த ஆன்ட்டி. மெட்ராஸ்காரர். அவரை லிஸ்ட் ஆன்ட்டி என்றுதானே கூப்பிட்டோம், முதுகுக்குப் பின்னால்? அவர் வீட்டுக்காரர் டாக்டர் அங்கிள். இருவரும் நல்லவர்கள்தான். முதல் வருடம் எங்களுக்கு மெத்தை, பாத்திரம், குளிர்காலக் கோட்டு எல்லாம் கொடுத்தது அவர்கள்தான். அதை நான் மறக்கவில்லை.

அந்த ஜூலைக் கடைசியில் அவர்கள் வீட்டில் பாட்லக். லிஸ்டில் அம்மாவுக்குக் கூட்டு என்று போட்டிருந்தது. அம்மா பருப்புக்கீரைக் கடைசலைச் சட்டியோடு கொண்டு போனாள். காரில் என் மடியில்தான் சட்டி. எல்லோரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டார்கள் என்றால் சும்மா இல்லை. ‘இது என்ன கீரை, இவ்ளோ டேஸ்ட்டா இருக்கு’ என்று இரண்டாம் முறை வந்து போட்டுக்கொண்டார்கள். அம்மா சமையலறை ஓரத்தில் நின்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு சிரித்தாள். இரண்டு வருடத்தில் அந்தக் கூட்டத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

லிஸ்ட் ஆன்ட்டி என்னிடம்தான் கேட்டார்.

“எந்த ஸ்டோர்ல வாங்கினா உங்கம்மா? எனக்கு இந்தப் பக்கம் கெடைக்கவே இல்லையே.”

“வாங்கலை ஆன்ட்டி. ஸ்கூல் வேலி ஓரமா, தரையில வளருது. நானும் அம்மாவும் பறிச்சோம்.”

நான் பெருமையாகத்தான் சொன்னேன். அதற்கப்புறம் நடந்தது எனக்கு இன்றைக்கும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. ஆன்ட்டியின் ஸ்பூன் நின்றது. பக்கத்தில் இருந்தவர் அவர் முகத்தைப் பார்த்தார். செய்தி சோபாவிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கும், அங்கிருந்து கொல்லைப்புற நாற்காலிகளுக்கும் போயிற்று. டாக்டர் அங்கிள் எழுந்து வந்து, இந்த ஊரில் களைக்கெல்லாம் மருந்து அடிப்பார்கள் என்றும், அது கழுவினாலும் போகாது என்றும், குழந்தைகள் யாராவது நிறையச் சாப்பிட்டார்களா என்றும் கேட்டார். கேட்டது அம்மாவிடம் இல்லை, அப்பாவிடம். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தார். ஒவ்வொருவராகப் போய்க் குப்பைப் பையில் தட்டைப் போட்டார்கள். வெள்ளைத் தட்டு, மேலே பச்சை. அன்று யாருக்கும் வயிறு வலிக்கவில்லை, வாந்தி வரவில்லை. ஷீட் போட்டவளே, உனக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீ அன்று இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டிருந்தாய்.

டாக்டர் அங்கிள் சொன்னதில் விஷயம் தப்பில்லை. மருந்து அடிக்கிற ஊர்தான் இது. இன்றைக்கு என் பேரக்குழந்தை கண்ட இடத்துச் செடியைப் பறித்தால் நானும் அதையே சொல்வேன். தப்பு வேறு. வாழ்நாளெல்லாம் கீரை பறித்த ஒருத்தி அந்த அறையில் நின்றுகொண்டிருந்தாள். ‘எப்படிப் பார்த்துப் பறித்தீர்கள்’ என்று அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படித்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் லிஸ்ட் ஆன்ட்டியிடமிருந்து போன் வந்தது. அப்போதெல்லாம் வீட்டுக்கு ஒரே லைன், பெட்ரூமில் ஒரு எக்ஸ்டென்ஷன். அம்மா சமையலறையில் பேச, நான் பெட்ரூமில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுக் கேட்டேன். நான் எதையாவது கெடுத்துவிட்டேனோ என்ற பயம்.

“நீங்க பாவம், கார் கூட ஓட்டறதில்ல. எதுக்கு ஸ்ட்ரெயின் பண்ணிக்கணும்? இனிமே பேப்பர் பிளேட், கப், நாப்கின் மட்டும் கொண்டு வந்துடுங்கோ. ஈசியா போயிடும்.”

“சரிங்கக்கா” என்றாள் அம்மா.

நம் கூட்டத்தில் பேப்பர் தட்டு யார் கொண்டு வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். கல்யாணமாகாத ஸ்டூடண்ட் பையன்கள். கரண்டி பிடிக்கத் தெரியாதவர்கள். சமையல் தெரிந்த ஒரு பெண்ணுக்குத் தட்டைக் கொடுத்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். உன் கைச் சாப்பாடு வேண்டாம். இதைச் சண்டை போடாமல், அக்கறை மாதிரியே சொல்ல நம்மவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. எனக்கு அப்போது அது புரியவில்லை. இனிமேல் மடியில் சட்டி இருக்காது, உடையில் பூண்டு வாசனை வராது என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என் மீது எனக்கே கோபம் வருகிறது.

அப்பாவுக்குப் புரிந்தது. புரிந்து அவர் செய்த காரியம்தான் மகா அநியாயம். அந்தச் சனிக்கிழமை கடையிலிருந்து களைக்கொல்லி டப்பாவும் பம்பும் வாங்கி வந்து, கொல்லை முழுக்க அடித்தார். ‘இனிமே யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, நம்ம வீட்டுல அந்தச் செடியே இல்லைன்னு ஆயிரும்’ என்றார். அம்மாவின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று மனதாரத்தான் நினைத்தார். மருந்தே படவில்லை என்று எங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே இடம் அது. அதில் மருந்து அடித்தது என் அப்பா. நாலு நாளில் இலை சுருண்டு, தண்டு கறுத்துக் காய்ந்தது. அம்மா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டியைக் கழுவி, கவிழ்த்து, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்தாள்.

அன்று இரவு அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அவர் முன்னால் எவர்சில்வர் தட்டு வரவில்லை. பேப்பர் தட்டு வந்தது. அதில் சோறு. பக்கத்தில், டப்பாவைத் திறந்து அப்படியே கவிழ்த்த பசலைக்கீரை, டப்பாவின் வட்டம் கூடக் கலையாமல். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“தட்டுக் கொண்டு போற பொம்பளைதானுங்களே நானு. என்ற ஊட்டுல இனிமே தட்டுலதானுங்க சோறு. கீரையும் கடையில வாங்குனதுதான். பயப்படாமத் தின்னுங்க.”

அப்பா அதை ஒரு வேளைக் கோபம் என்று நினைத்தார். மூன்று வாரம் நடந்தது. காலையில் பேப்பர் தட்டில் இட்லி இல்லை, கடை ரொட்டி. இரவு டப்பாவில் என்ன இருக்கிறதோ அது. தாளிப்புக் கிடையாது. ரசத்தைப் பேப்பர் தட்டில் ஊற்றினால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. தட்டு நனைந்து, அடி விட்டு, அப்பாவின் ஆபீஸ் பேன்ட்டில் ஓடிற்று. அம்மா ஒரு நாப்கினை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். நாப்கினும் அவள் பொறுப்புத்தானே. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். நடுவில் ஆகஸ்ட் பாட்லக்கும் வந்துபோனது. அம்மா தட்டுக் கட்டைக் கொண்டு போய் மேஜையில் வைத்துவிட்டு, சாப்பிடாமலே ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

மூன்றாம் வாரம் ஒரு நாள் சாயங்காலம் அப்பா ஆபீஸிலிருந்து வந்தார். கழுத்து டையைக் கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குப் போய், மதியச் சாப்பாட்டுப் பையை மேஜைமேல் கவிழ்த்தார். மண்ணும் தூசியுமாக ஒரு கைப்பிடிச் செடி. கம்பெனி பார்க்கிங் லாட்டின் சிமெண்டுப் பிளவுகளில் குனிந்து குனிந்து பறித்திருக்கிறார். கூட வேலை பார்ப்பவர்கள் காரில் போகும்போது பார்த்திருக்கிறார்கள். என்ன தொலைத்தீர்கள் என்று கேட்டு ஒருவர் இறங்கி, கூடத் தேடவும் வந்தாராம்.

“இந்தா புள்ள. உன்ற கீரை” என்றார்.

அம்மா ஒரு தண்டை எடுத்து ஒடித்தாள். வெள்ளையாகப் பால் கசிந்தது. இன்னொன்றை ஒடித்தாள். அதிலும் பால். கைப்பிடி முழுக்க அந்த இன்னொரு செடிதான்.

“பாலு வருதுங்க. இதையக் கடைஞ்சு போட்டிருந்தேன்னா நாளைக்கு ஆபீசுக்குப் போயிருக்க மாட்டீங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அப்புறம் அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். இரண்டு பேரும் மேஜையின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, அந்தக் குப்பைக் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு எவர்சில்வர் தட்டு வந்தது. சட்டி மட்டும் இன்னும் இறங்கவில்லை.

சட்டியை இறக்க வைத்தது பக்கத்து வீட்டு மெக்சிகோக்கார அம்மாள். அவர் வீட்டுக் கொல்லை வேலியோரம் ஒரு பாத்தி முழுக்கப் பருப்புக்கீரை. தானாக முளைத்ததைப் பிடுங்காமல் தண்ணீர் ஊற்றி வளர்த்துக்கொண்டிருந்தார். காய்ந்து கிடந்த எங்கள் கொல்லையை அம்மா மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தவர், கருகிய தண்டைக் காட்டி ‘ஐயோ’ என்பதற்கு அவர் பாஷையில் என்னவோ சொன்னார். அம்மா தாராபுரத்துத் தமிழில் அப்பாவைத் திட்டிக் காட்டினாள். இருவருக்கும் நன்றாகவே புரிந்தது. அவர் அதைப் பன்றி இறைச்சியோடு சமைப்பாராம். அம்மா மூக்கைச் சுளித்தாள். அம்மா அதைப் பருப்போடு கடைவதைக் கையால் செய்து காட்டியபோது அவரும் அதே மாதிரி மூக்கைச் சுளித்தார்.

அவர்தான் எங்களைத் தம் நாட்டுக்காரர்கள் வாங்கும் கடைக்குக் கூட்டிப் போனார். அங்கே, கொத்தமல்லிக்கும் மிளகாய்க்கும் நடுவில், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டாகப் பருப்புக்கீரை! ஒவ்வொரு கட்டிலும் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு கட்டுகளை எடுத்துக்கொண்டார். இதை வாங்கிப் போய்ச் சமைத்து, சீட்டையும் எடுத்துப் போய் எல்லோரிடமும் காட்டிவிடலாம், பிரச்சினை தீர்ந்தது என்றார். அம்மா அவர் கையிலிருந்து கட்டுகளை வாங்கினாள், மோந்து பார்த்தாள், திரும்ப அடுக்கிலேயே வைத்தாள்.

“சீட்டு ஒட்டுனா கீரை, ஒட்டாட்டிக் களையுங்களா? இதையக் கொண்டு போய்க் காட்டுனா, அன்னைக்கு நான் போட்டது குப்பைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். எனக்கு வேண்டாம்.”

நான் மட்டும் ஒரு கட்டிலிருந்து விலைச் சீட்டை உரித்து என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். என் வாயால் கெட்டதை என் கையால் சரி செய்துவிடலாம் என்று ஒரு எண்ணம்.

செப்டம்பர் முதல் வார விடுமுறைக்குப் பூங்காவில் பாட்லக், ஞாபகம் இருக்கிறதா? வட்டக் கூரை போட்ட கொட்டகை, கீழே சிமெண்டு மேஜைகள். வழக்கம் போல் அம்மாவுக்குப் பேப்பர் தட்டு. அன்று காலை ஆறு மணிக்கே அம்மாவும் நானும் பக்கத்து வீட்டு அம்மாளும் அந்தப் பாத்தியில் உட்கார்ந்து கீரை பறித்தோம். ஒவ்வொரு தண்டையும் ஒடித்துப் பார்த்தோம். சட்டி இறங்கியது. காரில் மறுபடியும் என் மடியில் சட்டி, என் காலடியில் தட்டுக் கட்டு.

பூங்காவில் எல்லோருடைய பாத்திரங்களும் வரிசையாக மேஜையில் ஏறின. அம்மா வரிசையின் முதல் மேஜையைப் பிடித்தாள். தட்டுதானே முதலில் வேண்டும்? தட்டுக் கட்டைப் பிரித்து என் கையில் கொடுத்தாள். சட்டியைப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தாள். நான் ஒரு தட்டை நீட்ட, அவள் அதன் நடுவில் ஒரு கரண்டி கடைசலை வைத்து, முதல் ஆளிடம் நீட்டினாள். முதல் ஆள் லிஸ்ட் ஆன்ட்டி.

“எனக்குப் பிளேட் மட்டும் போதும்” என்றார் மெதுவாக.

“தட்டு என்ற பொறுப்புங்கக்கா. தட்டோட வர்றது இது.”

கட்டு முழுக்க என் கையில் இருந்தது. வேறு தட்டுக் கிடையாது, அதுதானே லிஸ்ட். பின்னால் வெயிலில் முப்பது பேர் நின்றார்கள். குழந்தைகள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் அங்கிள் வரிசையை விட்டு முன்னால் வந்தார். இந்தத் தடவை அப்பாவைத் தேடவில்லை. நேராக அம்மாவிடம், இது எங்கே பறித்தது என்று கேட்டார்.

“இது பக்கத்து ஊட்டுல வளர்த்தறதுங்க. அன்னைக்குக் கொண்டாந்தது ஸ்கூல் வேலியிலதான். ஒரு வாரம் பாத்து, பூச்சி கடிச்ச எலை இருந்தாத்தான் பறிப்பனுங்க. மருந்தடிச்சதுல பூச்சி ஒக்காராது. நீங்க அன்னைக்கே என்னையக் கேட்டிருந்தா, அன்னைக்கே சொல்லியிருப்பேன்.”

அம்மா அந்தக் கூட்டத்தில் அவ்வளவு நீளமாகப் பேசியதே கிடையாது. என் விரல்கள் பாக்கெட்டில் இருந்த விலைச் சீட்டைத் தொட்டன. எடுத்து நீட்டினால் ஒரு நொடியில் எல்லோர் முகமும் தெளிந்துவிடும். அம்மா என்னைப் பார்த்தாள். நான் கையை வெளியே எடுத்து அடுத்த தட்டை நீட்டினேன்.

அம்மா அதில் கீரை வைக்க, டாக்டர் அங்கிள் வாங்கிக்கொண்டார். நின்றபடியே சாப்பிட்டார். அப்புறம் வந்து, பால் வருவது எது, வராதது எது என்று கேட்டார். அம்மா கொட்டகைக்கு வெளியே புல்லோரத்தில் இரண்டையும் தேடி ஒடித்துக் காட்ட, அந்தப் பெரிய டாக்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். உங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பந்து விளையாடப் போயிருந்தீர்கள்.

லிஸ்ட் ஆன்ட்டி தட்டை வாங்கிக்கொண்டார், கீரையைத் தின்னவில்லை. தட்டில் மற்றதையெல்லாம் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டுவிட்டு, நடுவில் கீரையை அப்படியே விட்டுவிட்டார். கடைசி வரை அவர் மனம் மாறியது, கட்டிப் பிடித்துக்கொண்டார்கள் என்றெல்லாம் சொல்ல எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை. ஆனால் அவர் சாம்பார் இருந்த மேஜைக்கும், சாதம் இருந்த மேஜைக்கும், நாற்காலிக்கும் போன இடமெல்லாம் அந்தக் கீரையைச் சுமந்துகொண்டுதான் போனார்.

அடுத்த மாதம் அவரே போன் செய்து, தட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறேன், நீங்கள் ஏதாவது கூட்டு செய்யுங்கள் என்றார். நான் எக்ஸ்டென்ஷனில் இருந்தேன். “இல்லீங்கக்கா, தட்டே கொண்டாரனுங்க” என்றாள் அம்மா. அந்த ஊரை விட்டு நாங்கள் ஹியூஸ்டன் போகும் வரை, ஆறு வருடம், தட்டு எங்களுடையதுதான். ஒரு தடவையும் வெறுந்தட்டுப் போனதில்லை. குளிர்காலத்தில் தட்டப்பயிறு. வசந்தத்தில், தொட்டியில் விதைத்த வெந்தயக்கீரை. அடுத்த ஜூலை நான்காம் தேதி தர்பூசணித் தோல் கூட்டு. அந்தத் தடவை குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் நின்று தோலை வாங்கியது நான்.

மத்து வீடு மாற்றியபோது தொலைந்தது. சட்டி உடைந்தது, என் கையால்தான். விலைச் சீட்டை ஒரு பாடப் புத்தகத்துக்குள் வைத்தேன், புத்தகத்தோடு போயிற்று. அதைப் பற்றி இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களில் நாலைந்து பேர் சனிக்கிழமைச் சந்தையில் அதே களையை வாங்கி, எலுமிச்சை பிழிந்து சாலட் போட்டு, படம் எடுத்துக் குழுவில் போடுகிறீர்கள். ஷீட் போட்டவளே, நீயும்தான், போன மாதம். நான் அதற்கு ஒரு பூங்கொத்துப் படம் கூட அனுப்பினேன்.

நேற்று ஷீட்டை அம்மாவிடம் காட்டினேன். எழுபத்தெட்டு வயது. என் வீட்டில், என் சமையலறையில்தான் இருக்கிறாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் வரியைத் தேடிப் படித்தாள். சிரிக்கும் முகங்களைப் பார்த்து, இது யாரு என்று கேட்டாள். நான் சொன்னேன். கோபிக்கவில்லை. “எத்தனை பேருன்னு சரியாக் கேட்டுச் சொல்லு. கீரை பறிக்கோணும்” என்றாள்.

ஆகவே, வருகிறவர்கள் எண்ணிக்கையைச் சீக்கிரம் போடுங்கள். தட்டு வரும். வெறுந்தட்டு வராது.